வியூகத் திட்டத்தில் ஆள் கணக்கு போடுவது எப்படி

இலக்கு முடிவாகி, பட்ஜெட்டும் ஒப்புதலான பிறகு "இத்தனை பேர் வேண்டும்" என்று மனிதவளத் துறைக்குப் பட்டியல் அனுப்புவது பல நிறுவனங்களில் வழக்கம். அந்தக் கட்டத்தில் எச்.ஆர். விளம்பரம் கொடுக்கலாம், அவ்வளவுதான். திட்டம் வரைவாக இருக்கும்போதே ஆள் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் இலக்கை வேலை அளவாக மாற்றுங்கள். "சேவைப் பிரிவை விரிவாக்குவோம்" என்பதை வைத்துக்கொண்டு எதையும் கணக்கிட முடியாது. மாதம் 12,000 பழுதுபார்ப்பு அழைப்புகள், ஒரு டெக்னீஷியன் முடிப்பது 80 என்றால் தேவை 150 பேர். இப்போது இருப்பது 120. அப்படியானால் 30 பேர் போதும் என்று தோன்றும். இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன.

அந்த 120 பேரும் வருடக் கடைசிவரை இருக்கப்போவதில்லை. ராஜினாமா விகிதம் 15% என்றால் 18 பேர் போவார்கள். 3 பேர் ஓய்வு பெறுகிறார்கள், 4 பேர் மேற்பார்வையாளராக உயர்கிறார்கள் என்று வையுங்கள். மிச்சம் 95. உண்மையான பற்றாக்குறை 55. புதிதாகச் சேர்பவர்களில் பத்தில் ஒருவர் முதல் வருடத்திலேயே விலகுவார் என்றால் 62 பேரை எடுக்க வேண்டும். திட்டத்தில் 30 என்று எழுதியதைப் போல இரு மடங்குக்கும் மேல்!

ராஜினாமா விகிதத்தை நிறுவனம் முழுமைக்கும் சராசரியாக எடுக்காதீர்கள். கணக்குப் பிரிவில் யாரும் நகராமல் இருப்பது, டெக்னீஷியன்கள் வேகமாக வெளியேறுவதை மறைத்துவிடும். பணிவாரியாக, வருடத்தில் விலகியவர்களை அந்த வருடத்தின் சராசரி ஆள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

அடுத்து நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள். தேர்வுக்கு 2 மாதம், வருபவரின் நோட்டீஸ் காலம் 2 மாதம், பயிற்சி 3 மாதம் என்றால், ஆள் தேவைப்படும் நாளுக்கு 7 மாதம் முன்பே வேலையைத் தொடங்கியாக வேண்டும். பயிற்சி தரும் மூத்தவர்களின் வேலை அளவு அந்த நாட்களில் குறையும், அதையும் கழியுங்கள். கால அவகாசம் இல்லையென்றால் தலைமையிடம் நேராகச் சொல்லுங்கள்: இலக்கை ஒரு காலாண்டு தள்ளலாம், அல்லது தற்காலிக வேலைக்கு ஒப்பந்த ஆட்களை எடுக்கலாம். நீண்ட காலம் தேவைப்படும், நிறுவனத்துக்கே உரிய திறமை என்றால் உள்ளே இருப்பவர்களைப் பழக்குவதுதான் நல்லது.

முக்கியப் பதவிகளைச் சம்பளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். "இவர் நாளை வராவிட்டால் எது நிற்கும், அந்த இடத்தை நிரப்ப எத்தனை மாதம் ஆகும்?" என்று கேளுங்கள். பழைய இயந்திரத்தின் கோளாறு தெரிந்த ஒரே ஒருவர் பதவி வரிசையில் கடைசியில் இருக்கலாம். அவருக்குப் பக்கத்தில் இன்றே ஒருவரை உட்கார வையுங்கள்.

ஊக்கத்தொகையையும் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய வாடிக்கையாளர்களைத் தக்கவைப்பதே வியூகம், ஆனால் விற்பனையாளருக்குப் புது வாடிக்கையாளருக்கு மட்டும்தான் ஊக்கத்தொகை என்றால், அவர் புதியவர்களைத்தான் தேடிப் போவார். அது அவர் தவறல்ல.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்களைத் திருத்துங்கள். கணித்ததைவிட ராஜினாமா கூடினால் காலாண்டு முடியும்வரை காத்திருக்காமல், அந்த வாரமே ஆள் சேர்ப்பு எண்ணை மாற்றி நிதிப் பிரிவுக்கு அனுப்புங்கள்.