எம்5000 சர்வரில் டொமைன் பிரிப்பது எப்படி: பட்டா முதலில், நடவு அப்புறம்

சன் எம்5000 மாதிரி பழைய பெரிய சர்வர் ஒன்று கையில் கிடைத்தால் அதை அதிகபட்சம் 4 தனி மெஷின்களாகப் பிரிக்கலாம், ஒவ்வொன்றிலும் தனி சோலாரிஸ் (சன் கம்பெனியின் ஆபரேட்டிங் சிஸ்டம்) ஓடும். அந்தப் பிரிவுக்குப் பெயர் டொமைன். கும்பகோணம் பக்கம் அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பாகம் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபம்: அளக்கணும், பட்டாவில் பெயர் ஏற்றணும், அப்புறம்தான் வயலில் இறங்கணும்.

(கமாண்டுகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன், டைப் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.)

முதலில் எக்ஸ்எஸ்சிஎஃப்பில் (சர்வரை நிர்வகிக்க உள்ளேயே இருக்கும் தனிக் குட்டிக் கணினி) பிளாட்அட்ம் (platadm) உரிமை உள்ள கணக்கில் நுழைந்து ஷோபோர்ட்ஸ் -ஏ அடியுங்கள். எந்த டொமைனிலும் சேராத போர்டு சிஸ்டம் போர்டு பூலில் கிடப்பதாகக் காட்டும், நம்ம ஊர்ப் புறம்போக்கு போல. டொமைனில் மாட்டியிருக்கும் போர்டை இப்போது தொடாதீர்கள்.

அடுத்து அளவை. செட்டப்ஃப்ரு -எக்ஸ் 4 எஸ்பி 0 (எஸ்பி என்றால் சிஸ்டம் போர்டு, sb) என்றால் 0ஆம் போர்டு 00-0 முதல் 00-3 வரை நான்கு துண்டாகும். 4க்குப் பதில் 1 போட்டால் முழுசாகவே இருக்கும். இங்கே ஒரு விஷயம்: ஐ/ஓ வருவது 00-0க்கும் 00-1க்கும் மட்டும்தான். 00-2, 00-3 இரண்டும் கடைமடை, சிபியுவும் மெமரியும் உண்டு, டிஸ்க்கும் நெட்வொர்க்கும் எட்டாது. அதனால் அவற்றை வைத்துத் தனி டொமைன் போட முடியாது, ஐ/ஓ உள்ள துண்டோடு சேர்த்துத்தான் கொடுக்கணும்.

இப்போது பட்டா, அதாவது எந்தத் துண்டு எந்த டொமைனுக்கு என்று சொல்லும் டிசிஎல் பட்டியல்: செட்டிசிஎல் (setdcl) -டி 0 -ஏ 0=00-0. -டிக்குப் பின்னால் வருவது டொமைன் எண். சமக்குறிக்கு இடப்பக்க 0, டொமைனுக்குள் அந்தத் துண்டுக்கு நாம் கொடுக்கும் எண், 0 முதல் 15 வரை எதுவும் ஆகலாம். 00-2ஐயும் சேர்க்க 1=00-2 என்று இன்னொரு முறை அடியுங்கள்.

நான் முதல் தடவை இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக ஆட்போர்டுக்கு (துண்டை டொமைனில் சேர்க்கும் கமாண்டு) போனேன். டிசிஎல்லில் பதிவில்லை என்று அது சொன்ன எரர் வரியைச் சரியாகப் படிக்காமல், போர்டே பழுதோ என்று ஒரு மத்தியானம் முழுக்க மண்டையைக் குழப்பிக்கொண்டதுதான் மிச்சம்.

சரி, இனி ஆட்போர்டு -சி அசைன் -டி 0 00-0 00-2. தொடரலாமா என்று கேட்கும், ஒய் அடியுங்கள். பிறகு பவர்ஆன் -டி 0, உடனே கன்சோல் -டி 0. சோதனை ஓடி முடிய நேரம் பிடிக்கும், காபி குடித்துவிட்டு வரலாம். கன்சோலை விட்டு வெளியே வர # அடித்து ஒரு புள்ளி.

00-1ஐ வைத்து 1ஆம் டொமைனுக்கும் பட்டாவிலிருந்து இதே வரிசைதான், -டி 0 இருக்கும் இடமெல்லாம் -டி 1.