வீட்டு ஸ்டீரியோவுக்கு விலை குறைந்த ஆர்.சி.ஏ. கேபிள் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வாங்கி முடித்ததும் அடுத்த கேள்வி, எந்த கேபிள் போடுவது? ஒரே நீளத்தில் இருநூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, இருபதாயிரத்துக்கும் கிடைக்கிறது. புதிதாக ஸ்டீரியோ அமைப்பவருக்குச் சில நூறு ரூபாய் கேபிளே போதும் என்று உறுதியாகச் சொல்வேன். மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள், வித்தியாசம் காதுக்குத் தெரியும். சிடி பிளேயர், டிவி, போன், டர்ன்டேபிள் (எல்.பி. ரிக்கார்டு ஓட்டும் கருவி) ஆகியவற்றிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கேபிள்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். ஸ்பீக்கர் வயர் வேறு கணக்கு.

படி 1: பின்பக்கத்தைப் பாருங்கள்

ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஜோடி ஜோடியாக இருக்கும் வட்ட ஜாக்குகள்தான் ஆர்.சி.ஏ. சிவப்பு வலது பக்கம், வெள்ளை அல்லது கருப்பு இடது பக்கம். சிடி பிளேயரிலும் இதே ஜாக் இருந்தால் இரு முனையிலும் ஆர்.சி.ஏ. உள்ள கேபிள் வேண்டும். போனிலிருந்தோ லேப்டாப்பிலிருந்தோ எடுப்பதானால் ஒரு முனையில் 3.5 மி.மீ. பின் இருக்க வேண்டும். அந்தப் பின்னில் இரண்டு கருப்பு வளையங்கள் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் ஸ்டீரியோ. மூன்று வளையம் இருந்தால் அது மைக் சேர்ந்த ஹெட்செட் வகை, நமக்கு வேண்டாம்.

படி 2: நீளத்தை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

கருவிகளை அவை நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்தில் வைத்துவிட்டு, கேபிள் போகும் வழியிலேயே ஒரு நூலை ஓட்டி அளந்துகொள்ளுங்கள். அதோடு ஒரு சாண் கூட்டுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு ஒரு மீட்டர் போதும். ஐந்து மீட்டர் வாங்கி, மிச்சத்தைச் சுருட்டி கரண்ட் வயர்களுக்கு நடுவே திணிப்பதுதான் இரைச்சலுக்கு வழிவிடும்.

படி 3: எதற்குக் காசு கொடுக்கலாம்?

சிடி பிளேயர் ஏறத்தாழ 2 வோல்ட் சிக்னல் தரும். ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு எதிர்ப்பு பொதுவாக 10,000 ஓமுக்கு மேல். அப்படியானால் கேபிளில் ஓடும் மின்சாரம் 0.2 மில்லி ஆம்பியர்கூட இருக்காது. இதற்குத் தடித்த செம்பு தேவையில்லை. கெபாசிட்டன்ஸையும் (கேபிள் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு, அலகு பிகோஃபாரட்) பார்த்துவிடுவோம். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் உள்ள சாதாரண கேபிளை இரண்டு மீட்டர் போட்டு, பிளேயரின் வெளியீட்டு எதிர்ப்பு 1,000 ஓம் என்றே வைத்துக்கொண்டாலும், உச்ச ஸ்தாயி கணிசமாகக் குறையத் தொடங்குவது சுமார் 8 லட்சம் ஹெர்ட்ஸில். மனிதக் காது கேட்பது 20,000 வரைதான்.

ஆகவே பார்க்க வேண்டியவை இரண்டே. முதலாவது ஷீல்டு: உள்வயரைச் சுற்றி நெருக்கமாகப் பின்னிய செம்புக் கம்பி வலை. வெளி இரைச்சலைத் தடுப்பது அதுதான். இரண்டாவது பிளக். மலிவு கேபிள்கள் பெரும்பாலும் சாகும் இடம் பிளக்குக்குள் இருக்கும் சாலிடர்தான். திருகிக் கழற்றும் உலோக மூடி இருந்தால் திறந்து பார்க்கலாம், பின்னாளில் நாமே பழுதும் பார்க்கலாம். வயர் பிளக்கை விட்டு வெளிவரும் இடத்தில் ரப்பர் பிடிப்பு இருக்க வேண்டும். ஜாக்கில் இதமாக இறுகினால் நல்லது. பலம்கொண்டு இழுத்தால்தான் வரும் என்கிற அளவுக்கு இறுக்கமான பிளக், ஆம்ப்ளிஃபயரின் ஜாக்கையே பெயர்த்துவிடும்.

தங்க முலாம் கறுக்காது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் அது பயன்தான். அதனால் ஒலி இனிமையாகாது. ஆக்சிஜன் நீக்கிய செம்பு சாதாரண செம்பைவிட ஒரு சதவீத அளவுக்குத்தான் நன்றாகக் கடத்தும். வயரில் அம்புக்குறி போட்டுத் திசை காட்டுவதற்கெல்லாம் கூடுதல் விலை தராதீர்கள்.

கடையில் 75 ஓம் டிஜிட்டல் கோ-ஆக்சியல் கேபிளோ மஞ்சள் முனை வீடியோ கேபிளோ நல்ல விலைக்குக் கிடைத்தால், ஒரே நீளத்தில் இரண்டு வாங்கி வலது, இடதாகப் பயன்படுத்துங்கள். இவற்றில் ஷீல்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

படி 4: டர்ன்டேபிள் இருந்தால் மட்டும்

மேலே சொன்ன நிம்மதி இங்கே செல்லாது. எல்.பி. ரிக்கார்டை வாசிக்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய சிறு பகுதி) தருவது 4, 5 மில்லி வோல்ட்தான். சிடி பிளேயரின் சிக்னலில் நானூறில் ஒரு பங்கு. அதனால் ஷீல்டு சுமாராக இருந்தாலும் ரீங்காரம் கேட்கும். இன்னொன்று, கார்ட்ரிட்ஜின் சுருளும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து உச்ச ஸ்தாயியின் தன்மையையே மாற்றும். ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் கேட்பது 100 முதல் 200 பிகோஃபாரட், ஆர்டோஃபோன் 2எம் ரெட் 150 முதல் 300. டோன்ஆர்ம் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) வயர், கேபிள், ஆம்ப்ளிஃபயரில் டர்ன்டேபிளுக்கான ஃபோனோ உள்ளீடு மூன்றும் சேர்ந்த மொத்தம் இது. ஃபோனோ உள்ளீட்டிலேயே 100 இருந்தால், ஒரு மீட்டர் சாதாரண கேபிள் அந்த ஆடியோ டெக்னிகாவை எல்லைக்குக் கொண்டுபோய்விடும். கெபாசிட்டன்ஸ் அளவை வெளிப்படையாக எழுதியிருக்கும் கேபிளாக, முடிந்தவரை குட்டையாக வாங்குங்கள். கேபிளில் ஒரு முழு வாரம் யோசிக்கத் தகுந்த இடம் இது ஒன்றுதான். டர்ன்டேபிளுக்குள்ளேயே ஃபோனோ ப்ரீஆம்ப் (அந்தச் சிறு சிக்னலைப் பெருக்கும் பகுதி) இருந்து, அதை ஆன் செய்து சிடி பிளேயர் மாட்டும் வகையான லைன் உள்ளீட்டில் கொடுத்தால் இந்தக் கவலை இல்லை.

படி 5: சோதித்து மாட்டுங்கள்

மல்டிமீட்டரை பீப் நிலையில் வையுங்கள். நடுப்பின்னுக்கு நடுப்பின், வெளி வளையத்துக்கு வெளி வளையம் பீப் வர வேண்டும். நடுப்பின்னுக்கும் வளையத்துக்கும் நடுவே வரவே கூடாது. பிளக் அருகே வயரை அசைத்தபடி பாருங்கள். பீப் விட்டு விட்டு வந்தால் கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும்போது ஆம்ப்ளிஃபயர் அணைந்திருக்க வேண்டும். ஆர்.சி.ஏ.வில் எர்த்துக்கு முன்பே சிக்னல் பின் தொட்டுவிடும். ஒலி கூட்டி வைத்திருந்தால் அந்த ஒரு நொடி இரைச்சல் ஸ்பீக்கரைப் பதம் பார்க்கும். கழற்றும்போது வயரை இழுக்காமல் பிளக்கைப் பிடித்து லேசாகத் திருகி எடுங்கள். கரண்ட் வயரைத் தாண்டித்தான் போக வேண்டுமென்றால் குறுக்காகத் தாண்டட்டும், பக்கத்திலேயே ஓட வேண்டாம்.

படி 6: ஹம் (ஓயாத ரீங்காரம்) வந்தால்

கேபிளை மாற்றும் முன் எல்லாக் கருவிகளையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் சொருகிப் பாருங்கள். பிறகு செட்டாப் பாக்ஸிலிருந்து டிஷ் வயரைக் கழற்றுங்கள். ஹம் நின்றுவிட்டால் எர்த் இரண்டு வழியாக வந்து சுற்றுகிறது என்று அர்த்தம். எவ்வளவு விலை உயர்ந்த ஆர்.சி.ஏ. கேபிளும் இதைத் தீர்க்காது. கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி விற்கிறார்கள், அதை டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே போடலாம். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். உயிரைக் காப்பது அந்தப் பின்தான்.

டர்ன்டேபிள் வழியில் ஐசோலேட்டர் வேண்டாம். அங்கே ஹம் வந்தால், அதன் தனி எர்த் வயர் ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்ட் திருகில் இறுகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.