ஸ்ட்ராண்டட் டீப்: முதல் தீவில் உயிர் பிழைப்பதற்கான வழிமுறை

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பீம் டீம் கேம்ஸ் நிறுவனம் 2015 ஜனவரியில் கணினிக்கு முன்னோட்டப் பதிப்பாக வெளியிட்டு, 2020 ஏப்ரலில் கன்சோல்களுக்கும் கொண்டுவந்த 'ஸ்ட்ராண்டட் டீப்' விளையாட்டில், பசிபிக் பெருங்கடலின் மேல் பறந்துகொண்டிருக்கும் சிறிய விமானம் விழுந்து நொறுங்க, நீங்கள் ஒருவர் மட்டும் ரப்பர் மிதவையில் தப்புகிறீர்கள். தொடக்கத்தில் இறந்துபோகும் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் சுறாவுக்கு இரையாவதில்லை. தாகத்தையும் வெயிலையும் கணக்கில் கொள்ளாமல், கையில் கிடைத்த பொருளை முதலில் தோன்றிய வேலைக்கே செலவழித்துவிடுவதால்தான் இறக்கிறார்கள். ஆகவே இக்கட்டுரை முதல் தீவில் கழியும் சில நாட்களையே விரிவாக எடுத்துக்கொள்கிறது. அந்த நாட்களைச் சரியாகக் கடந்தவருக்கு அடுத்து வருபவை பெரும்பாலும் பொறுமையால் தீரக்கூடியவை.

கரை சேர்ந்ததும் மிதவையை மணலின் மேல் நன்றாக இழுத்து வையுங்கள். தண்ணீரிலேயே விட்டால் அலை அதை நகர்த்திக்கொண்டு போய்விடும். சொந்தமாக ஓர் ஓடம் கட்டும்வரை வேறு தீவுக்குப் போக அதுதான் உங்கள் ஒரே வாகனம். பின்னர் இடது மணிக்கட்டில் உள்ள கடிகாரத்தைப் பார்க்கப் பழகுங்கள். உடல்நலம், பசி, தாகம், வெயில் தாங்கும் அளவு ஆகிய நான்கையும் அது காட்டுகிறது. உடலில் ஏதோ குறைகிறது என்று திரையின் நிறமாற்றமோ ஒலியோ உணர்த்தும்வரை காத்திருப்பதைவிட, ஒவ்வொரு வேலையை முடித்த பின்பும் ஒரு முறை மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. மூன்று அளவுகள் ஒரே நேரத்தில் தாழ்ந்த நிலையில் இருந்தால் எதை முதலில் சரிசெய்வது என்று யோசிக்கக்கூட அவகாசம் இருக்காது.

முதல் கருவி கல்லில் பிறக்கிறது. தரையில் கிடக்கும் ஒரு கல்லை எடுத்துக் கல் கருவியாக மாற்றிக்கொண்டு, சிறிய தென்னைகளையும் குச்சி தரும் செடிகளையும் வெட்டலாம். அடுத்து வேண்டியது யுக்கா செடியிலிருந்து கிடைக்கும் நார் இலை. 4 நார் இலைகளைச் சேர்த்தால் ஒரு கட்டுக்கயிறு கிடைக்கும். கோடரிக்கு ஒரு கயிறு, தேங்காய்க் குடுவைக்கு ஒரு கயிறு, நீர் வடிப்பானுக்குக் கயிறு, காயத்துக்குக் கட்டுத்துணி செய்ய ஒரு கயிறு என்று எல்லாமே இந்த இலையைத்தான் கேட்கின்றன. ஒரு சிறு தீவில் யுக்கா செடிகள் எண்ணிக்கையில் குறைவு. எனவே முதலில் தீவைச் சுற்றி நடந்து எத்தனை செடிகள் உள்ளன என்று எண்ணிவிட்டு, அதன் பிறகே வெட்டத் தொடங்குங்கள். முதல் கோடரிக்கு 4 இலை, முதல் குடுவைக்கு 4 இலை, வடிப்பானுக்காக எடுத்துவைப்பது என்ற வரிசையில் பங்கு போட்ட பின் மிஞ்சுவதை மட்டுமே மற்றவற்றுக்குத் தர வேண்டும். ஈட்டிக்கு ஒரு குச்சி போதும், கயிறு தேவையில்லை என்பதால் அதை முதலிலேயே செய்துகொள்ளலாம்.

இந்தக் கட்டத்தில் தாகம் தீர்ப்பது தேங்காய்தான். பச்சைத் தேங்காயைத் தரையில் வைத்துக் கருவியால் அடித்தால், முதலில் மட்டை கழன்று விழும். அதுவே குடிக்கத் தக்க நிலை. அதற்கு மேலும் அடித்தால் இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்த நீர் வீணாகிவிடும். ஆகவே மட்டை கழன்றதும் கையை நிறுத்தி, எடுத்துக் குடித்துவிட்டு, வெறும் கூட்டை மறுபடி கீழே வைத்துப் பிளந்து, இரு பாதிகளையும் பசிக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே காயில் தாகமும் பசியும் சிறிது தணிகின்றன. ஆனால் அடுத்தடுத்து அதிகமாகக் குடித்தால் வயிற்றுப்போக்கு வந்து, சேர்த்த நீரெல்லாம் கரைந்துவிடும். தேங்காய் அவசரத்துக்கு உதவும் துணை. நாள்தோறும் நம்பியிருக்கத் தக்க நீர் ஆதாரம் அது அல்ல.

நாள்தோறும் நம்பத் தக்கது நீர் வடிப்பானே. கற்கள், கயிறு, தேங்காய்க் குடுவை, துணி ஆகியவற்றைக் கொண்டு அதைக் கட்ட வேண்டும். இந்தப் பட்டியலில் அரிதானது துணி. கல்லும் குடுவையும் எப்போதும் செய்துகொள்ளலாம். துணியோ தொடக்க நாட்களில் பெரும்பாலும் மூழ்கிய கப்பல்களின் பெட்டிகளிலிருந்தே கிடைக்கும். அதே துணி காயத்துக்குக் கட்டுப்போடவும் தேவைப்படுகிறது. இந்த இரண்டில் எதற்கு முதல் துணி போக வேண்டும் என்ற கேள்விக்கு என் விடை, உடலில் குருதி வழியாதவரை வடிப்பானுக்கே என்பதுதான். வராத காயத்துக்காகத் துணியைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, வந்துகொண்டே இருக்கும் தாகத்தைத் தேங்காயால் சமாளிப்பது சரியான கணக்கல்ல. வடிப்பான் கட்டி முடிந்ததும் அதில் நார் இலையையோ தென்னை ஓலையையோ இட வேண்டும். அவற்றின் ஈரம் வடிந்து குடிநீராகச் சேரும். மழை பெய்தாலும் அது நிறையும். நார் இலை கயிற்றுக்கு வேண்டியது என்பதால், தென்னை வெட்டும்போது கிடைக்கும் ஓலைகளை ஒன்றுகூட எறியாமல் வடிப்பானின் அருகிலேயே குவித்துவையுங்கள். வெட்டிய தென்னை மீண்டும் முளைத்து வளராது என்பதையும் மனத்தில் கொண்டு, வேண்டியபோது வேண்டிய அளவுக்கே வெட்டுங்கள்.

தங்குமிடம் இதற்கு அடுத்தபடியே வர வேண்டும் என்று பலர் நினைப்பதுண்டு. நான் சிறிது மாறுபடுகிறேன். விளையாட்டைச் சேமிக்கவும் உறங்கவும் எளிய கொட்டகை ஒன்று போதும். அதை முதல் மாலைக்குள் எழுப்பிவிடுவது நல்லது, ஏனெனில் சேமிக்காத நிலையில் ஒரு பாம்பு கடித்தால் அதுவரை செய்ததெல்லாம் போய்விடும். ஆனால் பலகைச் சுவரும் தரையும் கொண்ட வீட்டுக்கு முதல் வாரத்தில் ஒரு குச்சியைக்கூடத் தர வேண்டாம். அந்தக் குச்சிகள் தீமூட்டவும் கருவிகளுக்கும் வேண்டும். உறங்கும் நேரத்திலும் பசியும் தாகமும் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால், படுப்பதற்கு முன் ஒரு முறை குடித்துவிட்டுப் படுங்கள். நடுப்பகலில் வெயில் தாங்கும் அளவு குறைந்துகொண்டே வரும்; அந்த நேரத்தைத் தென்னை நிழலில் கருவி செய்வதற்கு ஒதுக்கி, நடை, மரம் வெட்டுதல், வேட்டை ஆகியவற்றைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்ளலாம். கைவினை, வேட்டை, அறுவடை, சமையல் என்று திறன்கள் ஒவ்வொன்றும் அந்தந்த வேலையைச் செய்யச் செய்யவே உயர்கின்றன. திறன் உயர்ந்தால்தான் மேம்பட்ட கருவிகள் பட்டியலில் திறக்கும். ஆகவே நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலையும் பயன்தருவதுதான்.

உணவுக்கு நண்டும் மீனும் முதலில் போதும். ஈட்டியால் பிடித்ததைத் தீயில் சுட்டு உண்ணுங்கள். பச்சை இறைச்சி விரைவில் கெட்டுவிடும், சுட்டதும் நாளடைவில் கெடும், புகை மூட்டியதோ கெடாது. நீண்ட கடற்பயணத்துக்குப் புகை மூட்டிய இறைச்சியே உகந்தது.

பாம்பைப் பற்றிச் சற்று அதிகமாகச் சொல்ல வேண்டும். மணலின் நிறத்தோடும் புல்லின் நிறத்தோடும் கலந்து கிடக்கும் அதைக் கண் காண்பதற்கு முன் சீறும் ஒலியே காதில் விழும். ஒலி கேட்டதும் ஓடாமல் நின்று, சுற்றிப் பார்த்து, எட்டத்திலிருந்தே ஈட்டியை எறிந்து கொல்லுங்கள். நஞ்சு ஏறிவிட்டால் அது தானாக இறங்கும் என்று காத்திருப்பது ஆபத்து. பிபி செடிகள் 2 எடுத்து ஒரு தேங்காய்க் குடுவையோடு சேர்த்தால் முறிவு மருந்து தயாராகும். எனவே பிபி செடியைக் கண்டவுடன் பறித்து, நஞ்சு ஏறும் முன்பே ஒரு மருந்தைச் செய்து பையில் வைத்துக்கொள்வது அவசியம். கடலுக்குள் முட்கள் நிறைந்த கடல் முள்ளெலிகளை மிதிக்காமலும், செந்நிற வரிகள் கொண்ட சிங்க மீனைத் தொடாமலும் இருங்கள். இவற்றின் நஞ்சுக்கும் இதே மருந்துதான். கற்றாழையை வெயிலால் ஏற்பட்ட பாதிப்புக்கும், அஜுகா என்ற செடியை நீருக்கடியில் மூச்சை நீட்டிப்பதற்கும் குடுவையோடு சேர்த்துத் தயாரித்துக்கொள்ளலாம்.

மூழ்கிய கப்பல்களில் இறங்குவதற்கு, வடிப்பானும் முறிவு மருந்தும் கையில் இருக்க வேண்டும் என்று சொல்வேன். துணி வேண்டும் என்ற நிலையில் கரையோரச் சிறு கப்பலுக்கு மட்டும் முன்பே போகலாம். தண்ணீருக்குள் குதிக்கும் முன் மேலிருந்து சுற்றிலும் பார்த்து, சுறாவின் துடுப்பு தெரிகிறதா என்று கவனியுங்கள். ஒரே முழுக்கில் எல்லாப் பெட்டிகளையும் திறக்க முயலாமல், ஒரு பெட்டியைத் திறந்து, மேலே வந்து மூச்சு வாங்கி, மீண்டும் இறங்குவதே பாதுகாப்பானது. சுறா நெருங்கினால் ஈட்டியை அதை நோக்கிப் பிடித்தபடி, முதுகைக் காட்டாமல் மிதவையை நோக்கிப் பின்வாங்குங்கள்.

அடுத்த தீவுக்குப் போகும் காலம் எப்போது என்றால், வடிப்பானில் நீர் சேரத் தொடங்கி, பையில் முறிவு மருந்து ஒன்றும் நிறைத்த குடுவை ஒன்றும் சுட்ட இறைச்சியும் இருக்கும்போதுதான். காலையில் திசைகாட்டியைப் பார்த்து, உங்கள் தீவிலிருந்து அடுத்த தீவு எந்தத் திசையில் உள்ளது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; திரும்பி வர அதன் நேரெதிர்த் திசையில் துடுப்பு போட்டால் போதும். பொழுது சாயும் நேரத்தில் கிளம்ப வேண்டாம். பின்னாளில் பீப்பாய், டயர், மிதவைப் பந்து ஆகியவற்றால் ஓடம் கட்டும்போது பாயைவிட நங்கூரத்துக்கே முதலிடம் தாருங்கள். நங்கூரமில்லாத ஓடம் கரையில் நிறுத்திவைத்தாலும் நகர்ந்துவிடும். அப்போது யுக்காவை விவசாயப் பாத்தியில் நட்டு நீர் ஊற்றினால் நார் இலைத் தட்டுப்பாடும் தீரும். இறுதியில் ராட்சத விலாங்கு, ராட்சத கணவாய், மெகலடான் எனும் பெருஞ்சுறா என்ற மூன்று பெருங்கடல் விலங்குகளை எதிர்கொண்டு, வேறொரு விமானத்தைப் பழுதுபார்த்துத் தப்ப வேண்டியிருக்கிறது. அதற்கு முன் புதிய தீவில் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும், மிதவையை மணலின் மேல் இழுத்துவிட்டு, யுக்கா செடிகளை எண்ணிவிட்டு, அதன் பிறகே கோடரியைக் கையில் எடுங்கள்.