மூன்று மாட்டுக்கு ட்ரம்மில் ஊறுகாய்ப்புல்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்குக் கோடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கால்வாயில் தண்ணீர் நின்றதும் வரப்பில் புல் காய்ந்துவிடும். கைக்குக் கிடைப்பது வைக்கோலும் மூட்டைத் தீவனமும்தான். பால் குறையக் கூடாது என்று மூட்டைத் தீவனத்தைக் கூட்டினால் பால் சொசைட்டியில் ஃபேட், அதாவது பாலின் கொழுப்பு அளவு, இறங்கிவிடும். பாலில் கொழுப்பு ஏறுவதற்கு வயிற்றில் புல், வைக்கோல் போன்ற நார்த்தீவனம் செரிக்க வேண்டும்.

இதற்கு நான் கண்ட வழி, பச்சை இருக்கும் தை மாதத்திலேயே ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) போட்டுவைப்பது. பச்சைத் தீவனத்தை நறுக்கி, காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைப்பதுதான் அது. எங்கள் கட்டுத்தரையில் மூன்று மாடு. 200 லிட்டர் ட்ரம் ஒன்றுக்கு நான் மிதிக்கிற மிதியில் ஏறக்குறைய 110 கிலோ பிடிக்கிறது. மாட்டுக்கு ஏழு கிலோ வீதம், கூட வைக்கோலும் போட்டால், 12 ட்ரம் ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஓடிவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டு ட்ரம் போட்டுக் கை பழகுங்கள். மருந்தோ ரசாயனமோ வந்த ட்ரம் வேண்டாம். சாப்பாட்டுப் பொருள் வந்ததாகப் பார்த்து, மூடியும் இரும்பு வளையமும் இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் பை மலிவுதான், ஆனால் எலி ஒரு ஓட்டை போட்டால் அந்தப் பை முழுக்கப் போச்சு.

1. அறுப்பு. மக்காச்சோளம் என்றால் மணியை நகத்தால் கீறும்போது பால் வடியாமல் மாவுப் பதமாக இருக்க வேண்டும். சோளத்தட்டு பூத்த பிறகு. கோ-4, கோ-5 (கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ரகங்கள்) என்றால் மறுதாம்பில், அதாவது அறுத்த பிறகு மறுபடி துளிர்த்து வருவதில், 45 நாள். அதற்கு மேல் விட்டால் தண்டு முற்றிச் சத்துக் குறையும்.

2. நறுக்குதல். முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம். சக்கரத்தில் கத்தி வைத்த புல்வெட்டியைத்தான் நான் சொல்வேன். அரைத்துத் தள்ளுகிற இயந்திரம் வேண்டாம். அது புல்லைக் கூழாக்கிவிடும், கூழைத் தின்ற மாடு சரியாக அசைபோடாது. அசைபோட்டால்தான் எச்சில் ஊறும். வயிற்றில் புளிப்பு ஏறாமல் காப்பது அந்த எச்சில்.

3. ஈரம். நறுக்கியதில் ஒரு கைப்பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் காய்ந்தது அதிகம். உருண்டை மெதுவாக விரிய வேண்டும், உள்ளங்கையில் லேசான பிசுபிசுப்பு மட்டும் இருக்க வேண்டும். கோ-4, கோ-5 புல்லில் நீர் அதிகம், சர்க்கரை குறைவு. அதனால் அறுத்ததை அரை நாள் வெயிலில் வாடவிட்டு நறுக்கி, 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கிறேன். மக்காச்சோளத்துக்கு வெல்லம் தேவையில்லை.

4. மிதிப்பது. நான் தோற்றது இந்த இடத்தில்தான். முதல் வருஷம் அன்று மாலைக்குள் முடியாமல் பாதி ட்ரம்மோடு நிறுத்தி, மறுநாள் மீதியைப் போட்டு மூடினேன். திறந்தபோது நடுவில் ஒரு அடிக்குக் கருப்பு, அதன் மேல் வெள்ளைப் பூஞ்சை, கெட்ட நெய் வாடை. அம்மா எட்டிப் பார்த்து, "ஏஞ்சாமி, இதையா மாட்டுக்குப் போடப்போறே?" என்றார். அத்தனையும் குப்பைக்குழிக்குப் போனது.

காற்று இருக்கும்வரை புளிக்கவைக்கும் நுண்ணுயிர் தலையெடுக்காது, பூஞ்சைதான் வளரும். அதனால் அரையடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் ஆள் உள்ளே இறங்கி மிதிக்க வேண்டும். நடுவை எல்லோரும் மிதிப்பார்கள், ஓரம்தான் விட்டுப்போகும். குதிகாலை ட்ரம்மின் சுவரோடு ஒட்டி வைத்துச் சுற்றி வாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் விரல் இறங்கக் கூடாது, அதுதான் கணக்கு. விளிம்பு வரை நிரப்பி, பாலித்தீன் தாள் போட்டு, மூடி, வளையத்தை இறுக்குங்கள். தொடங்கிய ட்ரம்மை அன்றே மூடிவிட வேண்டும்.

5. 45 நாள். நிழலில் வைத்து மறந்துவிடுங்கள். நடுவில் திறந்து பார்க்காதீர்கள்.

6. திறந்ததும். பச்சை மஞ்சள் நிறம், பழம் புளித்த மணம் இருந்தால் நல்லது. பூஞ்சை பிடித்ததைத் தயங்காமல் எறியுங்கள், சினை மாட்டுக்கு அது ஆபத்து. திறந்த ட்ரம்மை ஐந்தாறு நாளில் தீர்த்துவிட வேண்டும், எடுத்த பிறகு தாளை மறுபடி அமுக்கி மூடவும். பால் கறந்த பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் வாடை பாலில் ஏறும்.

7. பழக்குவது. புல் தேறினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக நாள் எடுக்கும். முதல் நாள் மாட்டுக்கு ஒரு கிலோ, வைக்கோலோடு கலந்து. அப்புறம் தினம் கொஞ்சம் கூட்டிப் பத்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள். காலையில் முதலில் நார்த்தீவனம், பிறகுதான் மூட்டைத் தீவனம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு நான் போடுவதில்லை.

பழகுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாட்டின் இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் மூடிய கையை வைத்து அழுத்திப் பிடியுங்கள். இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று தடவை உள்ளிருந்து அலை வந்து கையைத் தள்ளும். படுத்திருக்கும்போது ஒரு கவளத்துக்கு எத்தனை மெல்லு என்று எண்ணுங்கள், ஐம்பது அறுபது இருந்தால் நிம்மதி. சாணி தண்ணீராக, நுரையோடு வந்தால் அளவைக் குறைத்து வைக்கோலைக் கூட்டுங்கள்.

பிறகு சேர்த்தது: இதைப் படித்துச் செய்த இரண்டு பேர் ட்ரம் அடியில் தண்ணீர் நிற்பதாகச் சொன்னார்கள். அது புல் வாடாமல் போட்டதன் அடையாளம். அடுத்த தடவை அரை நாளுக்குப் பதில் ஒரு நாள் வாடவிடுங்கள், அடியில் ஒரு சாண் வைக்கோல் பரப்புங்கள்.

இன்னொருவர், பலாப்பழ சீசனில் இதோடு பழத்தையும் போடலாமா என்று கேட்டிருந்தார். ஒன்றிரண்டு சுளை பரவாயில்லை. கூடைக்கணக்கில் வேண்டாம், கல்யாண வீட்டு மிச்சச் சோறும் வேண்டாம். 2024-இல் கொல்லம் மாவட்டத்தில் பரோட்டாவும் பலாப்பழமும் அளவுக்கு மீறித் தின்ற ஐந்து மாடுகள் செத்தது செய்தியிலேயே வந்தது. மாவும் இனிப்பும் பெருவயிற்றில் சட்டென்று புளித்து அமிலமாகிவிடும். மாடு கயிற்றை அவிழ்த்துப் போய் அப்படித் தின்றுவிட்டால், அசைபோடுவது நிற்கும்வரை காத்திருக்காமல் அப்போதே மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.