குழி அடுப்பில் ஹவாய் விருந்து: முதலில் கல்லைப் பாருங்கள்

ஹவாயின் ‘லூஆவ்’ விருந்துக்குப் பெயர் வந்ததே சேம்பு இலையிலிருந்துதான். முன்பு அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. பன்றிக்கறி, தேங்காய், பெரும்பாலான வாழை வகைகள் பெண்களுக்கு விலக்கு. 1819இல் இரண்டாம் கமேஹமேஹா மன்னர் பெண்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதோடு அந்தக் கட்டு உடைந்தது.

விருந்தில் முக்கியமானது ‘இமு’ எனும் மண்குழியில் வெந்த பன்றிக்கறி. 5 கிலோ கறிக்கு 3 அடி அகலம், 2 அடி ஆழம் போதும். விறகுக்குக் கவலையில்லை: ஹவாயில் எரிக்கும் கியாவே, நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி. நன்கு காய்ந்தது ஒரு 50 கிலோ வேண்டும்.

சிக்கல் கல்லில்தான். அங்கே நுண்துளை உள்ள எரிமலைக் கல் போடுகிறார்கள். தென்பெண்ணையில் கிடக்கும் கூழாங்கல்லைப் போட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும். கிருஷ்ணகிரிக் குவாரிக் கருங்கல்லும் சூட்டில் பிளந்து தெறிக்கலாம். சூளையில் கூடுதலாக வெந்து கறுத்த செங்கல், ஈரமே இல்லாதது, 40 எடுத்துக்கொள்ளுங்கள்.

விறகை அடுக்கி, மேலே கல்லைப் பரப்பித் தீ மூட்டுங்கள். முதலில் கல்லில் கரி படியும்; இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் அந்தக் கரியும் எரிந்துபோகும். அதுதான் பதம். புகையும் கட்டைகளை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கறி கசக்கும். கல்லைச் சமமாக்கி, தட்டி நசுக்கிய வாழைத்தண்டை நாலு விரற்கடை பரப்புங்கள். கறி வேகுவது அந்தத் தண்டின் நீராவியில்தான். அதன்மேல் வாழை இலை, ஒரு கிலோத் துண்டுகளாக்கி மொத்தம் 75 கிராம் கல்லுப்பு தேய்த்த கறி, மறுபடி இலை, நனைத்த சணல் சாக்கு, தார்பாய், மண். யூரியா சாக்கு வேண்டாம், உருகிவிடும்.

எங்காவது ஆவி பீறினால் உடனே மண் போட்டு அடையுங்கள். 5 மணி நேரம் திறக்கக் கூடாது. திறந்தால் போன சூடு திரும்பாது. மதியம் ஒரு மணிப் பந்திக்கு விடியற்காலை 5 மணிக்கே தீ வைக்க வேண்டும். விரலால் பிய்த்தால் நாராக வர வேண்டும். வராவிட்டால் வெட்கப்படாமல் குக்கரில் ஏற்றுங்கள்.

தொட்டுக்கொள்ள அங்கே ‘போய்’: வெந்த சேப்பங்கிழங்கை இடித்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்தது. கெட்டியாக இருந்தால் ஒரு விரலால் வழிக்கலாம், இளகினால் மூன்று விரல் வேண்டும். தர்மபுரிப் பக்கம் அதற்குப் பதிலாகக் கேழ்வரகுக் களியே போதும் என்பது எங்கள் கட்சி.

விருந்துக்குப் பெயர் தந்த சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் சமைப்பார்கள். அதை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். காம்பு நீக்கி, தண்ணீரில் ஒரு மணி நேரம் வேகவைத்து வடித்த பிறகே தேங்காய்ப்பால். அரிப்புக்குப் புளி விடும் நம் வழக்கம் இங்கே உதவாது, பால் திரிந்துவிடலாம். துளி எடுத்து நாக்கில் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். அரித்தால் இன்னும் வேகட்டும்.