ஒரு சேர் பல் கிளினிக்: முதல் அசிஸ்டென்டைத் தேர்ந்தெடுத்துப் பழக்குவது எப்படி?

புது கிளினிக்குக்கு முதலில் ஒரே ஒரு ஆள் போதும். ஆனால் ரிசப்ஷன், கருவி கழுவுவது, சேர் பக்கத்து உதவி மூன்றும் அவர் தலையில் விழுந்தால், முதலில் கெடுவது கருவி கழுவுவதுதான். போன் அடித்தால் ஆட்டோகிளேவை (நீராவியில் கருவிகளின் கிருமியைக் கொல்லும் இயந்திரம்) யார் பார்ப்பது? கூட்டம் சேர்ந்ததும் இரண்டாவது ஆளை ரிசப்ஷனுக்கு எடுங்கள்.

1. என்னென்ன வேலை என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஸ்கேலிங் (பல்லில் படிந்த காறையை எடுப்பது) அதில் வரக்கூடாது. அதைச் செய்யும் ஹைஜீனிஸ்ட் என்பது தனிப் படிப்பு, தனிப் பதிவு.

2. நேர்முகப் பேச்சை மட்டும் நம்பாமல், சம்பளம் கொடுத்து ஒரு நாள் வைத்துப் பாருங்கள். மிரர், ப்ரோப், ட்வீசர், எக்ஸ்கவேட்டர் எல்லாம் ஒருமுறை காட்டிவிட்டு, அரை மணி கழித்துக் கேளுங்கள். பெயர் மறந்தால் பரவாயில்லை. தெரியாததைக் கேட்காமல் கைக்கு வந்ததை நீட்டுபவர் வேண்டாம்.

3. சேர்ந்ததும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி: முதல் ஊசி, 1 மாதம் கழித்து இரண்டாவது, 6-ஆம் மாதம் மூன்றாவது. கடைசி ஊசிக்கு 1-2 மாதம் கழித்து ரத்தத்தில் ஆன்டிபாடி 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. முதல் இரண்டு வாரம் கருவிச் சுத்தம் மட்டும். தடித்த கையுறை போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பவுச்சில் (கருவியை மூடி வைக்கும் உறை) போட்டு, ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 பவுண்ட் அழுத்தம், 30 நிமிடம். ஸ்விட்ச் போட்ட நேரத்திலிருந்து எண்ணுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு; அந்த வெப்பம் வந்த பிறகே கணக்கு. பவுச்சுகளைத் திணித்தால் நீராவி உள்ளே போகாது. ஈரமாக வெளியே எடுத்த பவுச் வழியாகக் கிருமி உள்ளே போகும், மறுபடி போட வேண்டியதுதான். பவுச்சில் ஒட்டும் டேப் நிறம் மாறினால் சூடு பட்டது என்று மட்டுமே அர்த்தம். கிருமி உண்மையிலேயே சாகிறதா என்று பார்க்க வாரம் ஒருமுறை ஸ்போர் டெஸ்ட் வையுங்கள்.

5. கழிவு: ரத்தப் பஞ்சு மஞ்சள் பை, கையுறையும் சக்ஷன் டிப்பும் (வாயில் சேரும் எச்சில், தண்ணீரை உறிஞ்சும் குழாயின் முனை) சிவப்பு, ஊசியும் பிளேடும் குத்த முடியாத வெள்ளை டப்பா.

6. மூன்றாவது வாரம் சேர் பக்கம். அவர் ஸ்டூல் உங்களுடையதைவிட 10-15 செ.மீ. உயரமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வாய்க்குள் பார்க்க முடியாமல் கழுத்தை வளைப்பார். வலக்கை டாக்டருக்கு உதவுபவர் சக்ஷனை வலக்கையில் பிடித்து, ஹேண்ட்பீஸ் (பல்லைக் குடையும் கருவி) வாய்க்குள் வருமுன் டிப்பை வைத்துவிட வேண்டும். ஆல்ஜினேட்டுக்கு (பல் அச்சு எடுக்கும் பொடி) குளிர்ந்த தண்ணீர். சித்திரை வெயிலில் குழாய்த் தண்ணீரில் கலக்கினால் ட்ரேயில் ஏற்றுவதற்குள் இறுகிவிடும்.

7. நோயாளி முன்னால் திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் தன் கையில் ஊசி குத்தியதைக்கூடச் சொல்லமாட்டார். குத்தினால் பிழியக்கூடாது, சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே உங்களிடம் சொல்லி, அப்போதே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், கடைசியாக 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். இதை எழுதி சிங்க்குக்கு மேலே ஒட்டிவையுங்கள்.