பேரலுக்குள் பிவிசியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்

போன வாரம், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் பிவிசி ஓடிக்கொண்டிருந்த இன்ஜெக்‌ஷன் மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பினார். பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்தும் மெஷின் அது. உருக்கும் குழாயான பேரலின் ஹீட்டர் ஆன்லேயே இருந்தது. கேட்டதற்கு, "அரை மணி நேரம்தானே அண்ணா" என்றார். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கையுறை போடுங்கள், உருகியது வெளியே வரும் நாசிலுக்கு நேரே முகத்தை நீட்டாதீர்கள் என்பதெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிட்டு, புதியவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

உருகுவதும் சிதைவதும் ஒன்று என்று நினைப்பது

உருகும்போது பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன, அவ்வளவுதான். ஆறினால் பழையபடி ஆகிவிடும். சிதையும்போது சங்கிலியின் பிணைப்பே போகிறது. அது திரும்பி வராது.

ஒவ்வொன்றும் சிதையும் விதம் வேறு. அக்ரிலிக் நுனியிலிருந்து மணி மணியாகக் கழன்று, தான் எந்த மோனோமரிலிருந்து (சங்கிலியின் ஒற்றை மணியிலிருந்து) வந்ததோ அதுவாகவே பெரும்பாலும் மாறிவிடும். பாலிபுரொப்பிலீன் நடுவில் கண்ட இடத்தில் அறுபடும். சங்கிலி குட்டையாவதால் மெட்டீரியல் தண்ணீர் மாதிரி ஓடும், ஆறிய பொருள் நொறுங்கும். பிவிசி இந்த இரண்டு வழியிலும் போகாது.

பிவிசியைச் சூட்டில் நிறுத்தி வைப்பது

பிவிசி சங்கிலியில் இரண்டு கார்பனுக்கு ஒரு குளோரின் உண்டு. சூடு ஏறினால் முதுகெலும்பு அறுவதற்கு முன்பே, பக்கத்தில் இருக்கும் குளோரின் ஒரு ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொண்டு ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறும். அது போன இடத்தில் இரட்டைப் பிணைப்பு உருவாகும். அந்த இரட்டைப் பிணைப்பு அடுத்த குளோரினின் பிடியைத் தளர்த்தும். அதுவும் போகும், பிறகு அதற்கடுத்தது. வெளியேறிய வாயு வேறு இதே வேலையை இன்னும் வேகப்படுத்தும். அதனால் ஆரம்பத்தில் மெதுவாகத் தெரிவது, ஒரு கட்டத்துக்கு மேல் கிடுகிடுவென ஓடும். இரட்டைப் பிணைப்புகள் வரிசையாகச் சேரச் சேர நிறம் மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு என்று மாறிக் கடைசியில் கறுப்பாகும்.

ஒரு கிலோ பிவிசி ரெசினில் சுமார் 580 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறக் காத்திருக்கிறது. நாம் கலக்கும் ஸ்டெபிலைசர் அதைக் கொஞ்ச நேரம்தான் தடுக்கும். கால்சியம்-துத்தநாகமோ, டின்னோ, பழைய ஈய உப்போ, எதுவானாலும் வந்த அமிலத்தைப் பிடித்துப் பிடித்துத் தீர்ந்துபோகும். ஸ்டெபிலைசர் கணக்குப் பார்ப்பது டிகிரியை மட்டும் அல்ல, நிமிடத்தையும்தான். 185 டிகிரியில் மூன்று நிமிடத்தில் பேரலைக் கடந்துபோகும் மெட்டீரியல் நன்றாக இருக்கும். அதே 185-இல் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தால் அவ்வளவுதான்.

2012-இல் கோயம்புத்தூரில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத காலம். ஒரு இன்ச் எல்போ (பைப் வளைவு) ஓட்டிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. பேரலுக்குள் சுற்றி மெட்டீரியலைத் தள்ளும் ஸ்க்ரூ நின்றது, பேரல் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. ஹீட்டர் சுவிட்சை அணைக்கவில்லை. கரண்ட் வந்ததும் பேரல் தானாகவே மறுபடி சூடேற ஆரம்பித்தது. ஸ்க்ரூ இறுக்கமாகச் சுற்றியது. இளகட்டும் என்று இன்னும் பத்து டிகிரி ஏற்றினேன். அந்த நாள் முழுவதிலும் நான் செய்த பெரிய தவறு அதுதான்.

முதல் ஷாட்டில் பழுப்புக் கோடு. இரண்டாவதில் கறுப்புத் துணுக்குகள். பிறகு நாசிலிலிருந்து "புஸ்" என்று புகை வந்தது. தொண்டையைப் பிடித்து இழுக்கும் காரம், கண்ணில் நீர். மெஷினை அப்படியே விட்டு வெளியே ஓடினோம். மறுநாள் காலை டையை, அதாவது அச்சை, திறந்தால், கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டிருந்த கேவிட்டியில் (அச்சுக்குழியில்) ஊசி குத்தினாற்போல் துரு. வாயு ஈரக்காற்றோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி இரவெல்லாம் இரும்பைத் தின்றிருந்தது. ஸ்க்ரூவைக் கழற்ற இரண்டு நாள் ஆனது. அதன் பள்ளங்களில் அடுப்புக்கரி போல் படிந்திருந்ததைப் பித்தளைக் கம்பியால் சுரண்டி எடுத்தோம்.

என்ன செய்ய வேண்டும்? நிறுத்தப்போவது தெரிந்தால், நிறுத்துவதற்கு முன்பே எல்டிபிஇ (ஒரு வகை பாலித்தீன்) போட்டு, பிவிசி துளியும் இல்லாமல் வரும்வரை தள்ளுங்கள். திடீரென்று கரண்ட் போனால் முதலில் ஹீட்டர் சுவிட்சை அணையுங்கள். பேரல் இருக்கும் யூனிட்டை டையிலிருந்து பின்னால் இழுங்கள், பேரல் ஆறட்டும். கரண்ட் வந்ததும் சூட்டைக் குறைத்தே வைத்து, ஸ்க்ரூ சுற்றும் அளவுக்கு இளகியவுடன் வெளியே தள்ளுங்கள். கறுப்பாக வந்தால் சூட்டைக் கூட்டவே கூட்டாதீர்கள். நிறுத்திவிட்டு ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் டெம்பரேச்சர் பட்டனை நோக்கித்தான் கையைக் கொண்டுபோகிறார். இன்றும் அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பிவிசி ஓடிய பேரலில் நேராக அசிட்டால்

வேண்டவே வேண்டாம். அசிட்டால் என்பது பல்சக்கரம் போன்றவை செய்யும் இன்னொரு பிளாஸ்டிக். மிச்சமிருக்கும் பிவிசியின் அமிலம் அசிட்டாலைச் சரசரவென்று ஃபார்மால்டிஹைடு வாயுவாக உடைக்கும். அடைபட்ட பேரலில் அந்த அழுத்தம் நாசிலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரலாம். இரண்டுக்கும் தனித்தனி மெஷின் வையுங்கள். முடியாவிட்டால் நடுவில் பர்ஜ் செய்வதோடு (வேறு மெட்டீரியல் போட்டுத் தள்ளுவதோடு) நிறுத்தாமல், ஸ்க்ரூவை வெளியே எடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

பெட் (PET, பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) மெட்டீரியலைக் காயவைக்காமல் போடுவது

இங்கே சங்கிலியை அறுப்பது ஈரம், சூடு அதற்குத் துணை. 160 டிகிரி உலர்காற்றில் நாலு மணி நேரமாவது காயட்டும்.

அரைத்த ரன்னரைத் திரும்பத் திரும்பப் போடுவது

ரன்னர் என்பது பொருளோடு ஒட்டி வரும் மிச்சத் தண்டு. அதை மறுபடி உருக்கும் ஒவ்வொரு சுற்றும் ஸ்டெபிலைசரில் கொஞ்சம் தின்றுவிடும். அளவு வைத்துக் கலக்குங்கள்.

புகையை மோந்து பார்ப்பது

கூடாது. ஈரமான நீல லிட்மஸ் தாளை நாசில் பக்கம் காட்டுங்கள். சிவந்தால் ஹீட்டரை அணைத்து, ஜன்னலைத் திறந்து, ஆட்களை வெளியே அனுப்புங்கள்.